நம்பாத முகத்துக்காரி

விண்ட்வர்ட் ஊரில் வந்து இறங்கி, இஸ்மே வீடு எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். டூலஸ் கடை எங்கே என்று கேட்க வேண்டும். படகுத்துறைக்கு எதிரே, கடல்காற்றில் பச்சைப் பெயின்ட் உரிந்துபோன பலகைக் கடை வரைக்கும் கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே ரம் கிடைக்கும், ரொட்டி கிடைக்கும், மண்ணெண்ணெய் கிடைக்கும். கல்லாவுக்குப் பின்னால், எந்தச் சேதியைச் சொன்னாலும் நம்பாத ஒரு முகமும் இருக்கும்.

டூலஸ் என்பது வால்தான். முழுசு இன்கிரெடுலஸ். இங்கிலீஷ் அகராதியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற வார்த்தை. அது ஒரு ரம் கடைக்காரி மேல் வந்து ஒட்டியதற்கு லென்டோர் மாஸ்டர்தான் காரணம். எங்கள் கேரியக்கூ தீவில் அப்போது டெலிவிஷன் ஏது? சந்திரனில் மனிதன் இறங்கிவிட்டான் என்று மாஸ்டர் ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து வகுப்பில் சொன்னார். பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். ஜன்னலோர பெஞ்சில் இருந்த இஸ்மே மட்டும் கையைத் தூக்கினாள்.

“யாரு பாத்தா சார்?”

வேறு வாத்தியாராக இருந்தால் பிரம்பு பேசியிருக்கும். லென்டோர் மாஸ்டருக்கோ வார்த்தைப் பைத்தியம். அவளைத் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் இடது புருவம் மேலே ஏறியிருந்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கெட்ட வாடை அடித்தால் விலகுகிற மாதிரி தலை கொஞ்சம் பின்னால் போயிருந்தது.

“எல்லாரும் இந்த மூஞ்சிய நல்லா பாத்துக்கோங்க. இதுக்குப் பேருதான் இன்கிரெடுலஸ். சந்திரன்ல ஆள் எறங்கினான்ல, அந்தச் சேதி இன்கிரெடிபிள், நம்ப முடியாதது. அதக் கேட்டுட்டு நிக்கிறா பாருங்க, இவ இன்கிரெடுலஸ், நம்பாதவ. சேதிக்கு மூஞ்சி கெடையாது. இந்த வார்த்தைக்கு மூஞ்சி வேணும். ஆளுக்குச் சொல்லலாம், ஆளோட பார்வைக்குச் சொல்லலாம், சிரிப்புக்கு, குரலுக்குச் சொல்லலாம். மழைக்கும் மீனுக்கும் சொல்லப்படாது.”

“பொய்யின்னு சொல்றதுதான சார் அது?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான்.

“இல்லடா. பொய்யின்னு சொல்றவன் கதவ அடைச்சுட்டான். இவ அடைக்கவும் இல்ல, தொறக்கவும் இல்ல. சேதிய வாசல்லயே நிக்க வெச்சு மேலயும் கீழயும் பாத்துக்கிட்டு இருக்கா. ஒரு நிமிஷத்துக்கு வர்ற மூஞ்சி இது. அப்புறம் ஒண்ணு உள்ள விட்டுருவாங்க, இல்ல வெரட்டிருவாங்க.”

ஒரு நிமிஷம் என்று மாஸ்டர் சொன்னது அவள் விஷயத்தில் தப்பாகப் போனது. அந்த முகம் அவளுக்கு அப்படியே நின்றுவிட்டது. வார்த்தையும் ஊரில் நின்றுவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் கையில் ஒரு பெரிய வார்த்தை கிடைத்தால் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். இன்கிரெடுலஸ் மழை, இன்கிரெடுலஸ் மீன், இன்கிரெடுலஸ் பல்வலி என்று எதற்கெடுத்தாலும் போட்டுத் தாளித்தார்கள். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டே சந்து சந்தாகத் திருத்திக்கொண்டு போனார். அர்த்தம் மறந்துபோனவர்களிடம், “போய் இஸ்மே மூஞ்சியப் பாரு” என்று அனுப்பினார்.

இப்படியே அவள் ஊருக்கு ஒரு உரைகல் ஆகிப்போனாள். எவன் எந்தக் கதையைக் கொண்டுவந்தாலும் அவளிடம் சொல்லிப் பார்ப்பார்கள். புருவம் இறங்கினால் சேதி மெய். இறங்காவிட்டால் ஊரும் சிரித்துவிட்டுப் போய்விடும். எங்களை ஆளுகிற பெரிய தீவில் ஆட்சி கவிழ்ந்தது என்று ரேடியோ அலறிய காலையில்கூட, ரேடியோவை அது பாட்டுக்குக் கத்த விட்டுவிட்டு எல்லோரும் இந்தக் கடைக்குத்தான் ஓடிவந்தார்கள். கடை அப்போது அவள் அம்மா பேரில் இருந்தது. இஸ்மே அரிசி அளந்துகொண்டே, “யாரு பாத்தா?” என்றாள். மத்தியானப் படகில் சித்தப்பா பையன் வந்து இறங்கி, “நான் பாத்தேன்” என்று மூச்சு வாங்கச் சொன்ன பிறகுதான் புருவம் இறங்கியது. அதற்குப் பிறகுதான் ஊர் பயப்படவே ஆரம்பித்தது.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். அந்த முகத்தைச் சுமந்துகொண்டு திரிந்தவளுக்கு அது வேடிக்கையாக இல்லை. பத்து வயதிலிருந்து ஒருவரும் அவளிடம் ஒரு பேச்சைச் சும்மா பேசியதில்லை. எனக்குக் கல்யாணம் என்று சொல்வார்கள், சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஐயோ அப்படியா என்று வாயைப் பிளந்து கேட்கிற சந்தோஷம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அது எவ்வளவு பெரிய அலுப்பு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கனூட் மட்டும் வேறு மாதிரி. பாய்மரப் படகில் போகிறவன், அவளுக்குப் புருஷன். நடுக்கடலில் ஒரு திமிங்கிலம் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது என்று வாய் கூசாமல் சொல்வான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவே மாட்டான். நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் தூக்கி, என்ன குழம்பு என்று பார்ப்பான். நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் சோற்றைப் போடு என்கிற ஆள். அவளை மே என்று கூப்பிடுவான். டூலஸ் என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

அவன் செயின்ட் பார்த்ஸ் தீவுக்குப் போய் விஸ்கியும் சிகரெட்டும் ஏற்றி வருவான். சுங்கக்காரன் கண்ணில் மண்ணைத் தூவுவது எங்கள் ஊரில் களவில் சேர்த்தி இல்லை, பிழைப்பு. ஒரு வருஷம் ஈஸ்டர் கழிந்து போனவன் திரும்பி வரவில்லை. ஒரு பலகை ஒதுங்கவில்லை, ஒரு கயிறு ஒதுங்கவில்லை. அந்த வாரம் புயல்கூட இல்லை.

அப்புறம் சேதிகள் வர ஆரம்பித்தன. பக்கத்துத் தீவுக்காரன் ஒருத்தன், கனூட்டை செயின்ட் மார்ட்டினில் பார்த்தேன், ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான், ஒரு கடைகூட வைத்திருக்கிறான் என்றான். இஸ்மே கேட்டாள்: “எந்தக் கைல காசு வாங்கினான்?” அவன் விழித்தான். கனூட் இடது கைக்காரன். இன்னொரு பக்கம், கனூட் செத்துவிட்டான், எங்கள் கனவில் வந்தான் என்று ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்தார்கள்.

கனவு எங்கள் தீவில் சாதாரணச் சங்கதி இல்லை. செத்தவர்களுக்குப் பசி எடுத்தால் கனவில் வந்து கேட்பார்கள். கேட்டால் செய்தாக வேண்டும். ஆடு வெட்டி, ஊரைக் கூப்பிட்டு, கொட்டு அடித்து விருந்து வைக்க வேண்டும். செத்தவருக்கு உள் அறையில் தனியாக ஒரு தட்டு போட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். அந்தத் தட்டில் உப்பு மட்டும் இருக்கக் கூடாது. உப்பு உயிரோடு இருக்கிறவர்களுக்கு. கல்லறைக் கல் வைப்பதும் அந்த விருந்தோடுதான், உடல் கிடைக்காமல் போனாலும் கல் உண்டு. தட்டையும் கல்லையும் கொடுத்துவிட்டால் போனவர் நிம்மதியாகப் போய்விடுவார். அப்புறம் வந்து தொந்தரவு பண்ண மாட்டார்.

ஊர்ப் பெண்களின் கனவு ஒவ்வொன்றையும் இஸ்மே வாசலிலேயே நிறுத்தி விசாரித்து அனுப்பினாள். ஒருத்தி கனவில் அவன் செருப்புப் போட்டிருந்தான். கனூட்டுக்குச் செருப்புப் போட்டால் நடக்கத் தெரியாது. இன்னொருத்தி கனவில் அவன் பைபிளை விரித்துச் சங்கீதம் படித்தான். கனூட்டாவது, சங்கீதமாவது!

அவள் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. கனூட் அவளுக்கு வந்துகொண்டிருந்தான். கடலுக்குப் போன அதே வருஷம் மழைக்காலம் முடிவதற்குள்ளேயே வர ஆரம்பித்துவிட்டான், அன்றிலிருந்து விடாமல் வருகிறான். வெறுங்காலோடு, இடது கையைக் கடை ஜன்னல் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு நிற்பான். “மே, பசிக்குது” என்பான். சோளக் களியும் பச்சைத் துவரையும் கேட்பான். உப்பில்லாமல் கேட்பான். அவள் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, “நீ செத்தத யாரு பாத்தா?” என்பாள். அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவான். அடுத்த வாரம் மறுபடியும் வந்து நிற்பான். காலையில் எழுந்தால் அவளுக்கு மூட்டை தூக்கின மாதிரி உடம்பு வலிக்கும். கடையைத் திறப்பாள். வருஷங்கள் இப்படியே போயின, அவள் தலையும் நரைத்துவிட்டது.

அப்போதுதான் அடினா வந்தாள், கனூட்டின் தங்கை. சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்து, முழங்கால் தேய்ந்து ரிட்டயர் ஆனவள். வரும்போதே பெரிய தீவில் சொல்லிச் செய்த ஒரு கல்லோடு வந்து இறங்கினாள். நாலு பேர் படகிலிருந்து தூக்கிவந்து, சாக்கோடு கடைத் திண்டில் படுக்க வைத்தார்கள். கனூட் பெயரும் பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் அதில் வெட்டியிருந்தது.

இஸ்மே சாக்கை விலக்கிப் படித்தாள். “செத்த வருஷம் போட்டிருக்கே. யாரு பாத்தா?”

“அண்ணி, ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றாள் அடினா. “இந்த வருஷத்தையா போட முடியும்? படகு போன வருஷத்தத்தான் போட்டேன்.”

“படகு போன வருஷம் வேற, ஆள் போன வருஷம் வேற.”

மூலையில் ரம் டம்ளரோடு உட்கார்ந்திருந்த கோஸ்மோ கேப்டன் சிரித்தார். அந்தக் கடையில் அவர் உட்காராத நாள் கிடையாது. “அடினா புள்ள, நீ ஏசுநாதரையே கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வெச்சாலும், காயத்தக் காட்டுன்னுதான் சொல்லும் இந்தக் கசின்.” எங்கள் தீவில் எல்லோரும் எல்லோருக்கும் கசின்தான். கொஞ்சம் தோண்டினால் உண்மையாகவே சொந்தம் வந்துவிடும்.

“நீங்க சும்மா இருங்க கேப்டன்” என்ற அடினா, அண்ணி பக்கம் திரும்பினாள். “எனக்கு முழங்கால் போச்சு அண்ணி. அடுத்த தடவ வருவேனாங்கறதே சந்தேகம். டிக்கெட் தேதி வர்றதுக்குள்ள ஒரு வார்த்த சரின்னு சொல்லுங்க. கல்லு மொதல்ல அவன் வீட்டுக்குள்ளதான வரணும்? அவன் கட்டில்லதான படுக்கணும்? நீங்க கதவத் தொறக்காம நான் என்ன செய்ய முடியும்?”

அது உண்மைதான். செத்தவனுடைய வீட்டில், அவன் கட்டிலில் கல்லை ஒரு நாள் கிடத்தி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போவோம். மனைவி கதவைத் திறக்காவிட்டால் கல் வெளியில்தான் கிடக்கும். இஸ்மே திறந்துவிட்டால் கனூட் செத்தவன். திறக்காதவரை யாரும் பார்க்காதவன். அவள் ரொட்டிக்குக் காகிதம் கிழித்துக்கொண்டிருந்தாள்.

கல் சாக்கோடு திண்டிலேயே கிடந்தது. குடிக்க வந்தவர்கள் முதலில் தொப்பியைக் கழற்றினார்கள். நாலைந்து நாளில் பழகிப்போய் அதன் மேலேயே டம்ளரை வைத்தார்கள். அடினா தினமும் வருவாள், கேட்பாள், போவாள். வர வர அவள் கேட்கிற குரல் இறங்கிக்கொண்டே போனது. சண்டை போடக்கூடத் தெம்பில்லாத இரண்டு பெண்கள், நடுவில் ஒரு கல்.

டிக்கெட் தேதி நெருங்கிய ஒரு மத்தியானம் அடினா கொஞ்சம் வேகமாகவே படியேறி வந்தாள். கோஸ்மோ மூலையில் இருந்தார். இஸ்மே புனல் வைத்துப் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அண்ணன் வந்தான்.”

“எங்க?”

“கனவுலதான், வேற எங்க?”

இஸ்மே நிமிரவில்லை. “எப்படி வந்தான்?”

“நனைஞ்சுபோய் வந்தான். சட்டையெல்லாம் சொட்டுது.”

“கால்ல?”

“வெறுங்காலுதான்.”

“தொப்பி?”

“தொப்பி இல்ல அண்ணி. தலமுடியெல்லாம் நெத்தியில ஒட்டிக் கெடக்கு.”

நன்றாகத்தான் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறாள் என்று இஸ்மே நினைத்தாள். “என்ன கேட்டான்?”

“பசிக்குதுன்னான். அவகிட்டச் சொல்லி எனக்கு ஒரு தட்டு போடச் சொல்லுன்னான். சோளக் களி, துவரை, அப்புறம் நல்லா உப்புப் புடிச்ச கருவாட்டுக் கொழம்பு.”

புனல் வழிந்தது. மண்ணெண்ணெய் மேஜையில் ஓடி அவள் பாவாடையில் சொட்டியது. “என்ன கொழம்பு?”

“கருவாட்டுக் கொழம்பு. அவனுக்குப் புடிக்கும்ல?”

மூலையில் டம்ளர் பலகையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. “செத்தவன் உப்பு கேப்பானா?” என்றார் கோஸ்மோ மெதுவாக.

உப்பு கேட்டிருக்கிறான். உப்பு கேட்கிறவன் செத்தவன் இல்லை. காலமெல்லாம் எதையும் நம்பாத இஸ்மே அந்த ஒரு நொடியில் எல்லாவற்றையும் நம்பினாள். கனூட் இருக்கிறான். செயின்ட் மார்ட்டினில் கடை வைத்திருக்கிறான். அந்தப் பெண்ணும் உண்மை, குடித்தனமும் உண்மை. எவளோடு வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அவள் கருவாட்டுக் குழம்பு வைத்துப் போடட்டும், இவன் சட்டி மூடியைத் தூக்கிப் பார்க்கட்டும்.

அப்புறம் இஸ்மே அடினாவின் முகத்தைப் பார்த்தாள். அது தப்புச் செய்துவிட்டு முழிக்கிற முகம். ஊர்ச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த உப்புக் கணக்கை இங்கிலாந்தில் இருந்து இருந்து மறந்து தொலைத்திருக்கிறாள். கோஸ்மோ எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் பாதி டம்ளரை மீதம் வைத்துவிட்டுப் போனதை ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“நான் கனவே காணல அண்ணி” என்றாள் அடினா.

இஸ்மே பாவாடையைத் துடைத்துக்கொண்டாள்.

“தெனமும் அவன் பேரச் சொல்லிட்டுத்தான் படுப்பேன். வரட்டும், எதையாவது கேக்கட்டும், கப்பலேறி வந்து செஞ்சு குடுத்துட்டுப் போறேன்னு. ஒரு தடவ வந்தானா? எங்க தெருவுல செத்தானே ஒரு வெள்ளக்காரக் கெழவன், நாய் வெச்சிருந்தவன், அவன்கூட ரெண்டு தடவ கனவுல வந்துட்டான். கூடப் பொறந்தவன் வரல. எனக்கும் வரல, அவளுக இவளுக சொன்னதையெல்லாம் நீங்க பொய்யின்னு நிரூபிச்சுட்டீங்க. அப்ப அவன் யாருக்குமே வரலன்னா, எங்கதான் அண்ணி இருக்கான்? யாரும் சோறு போடாத எடத்துல தனியா நிக்கிறானா?” அழவில்லை. அழுது முடித்துப் பல வருஷமான குரல் அது. கல் பக்கத்திலேயே திண்டில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

இஸ்மே அப்போதும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். நாலு நாள் பொறுத்தால் அடினா கப்பலேறிப் போய்விடுவாள். கனூட் வழக்கம்போல் ஜன்னலுக்கு வருவான். ஒரு துணியால் மேஜையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். அவளுக்கே அலுத்துப்போனது.

“எனக்கு வர்றான்.”

“யாரு?”

“உங்க அண்ணன்தான், வேற யாரு?”

அடினாவின் புருவம் ஏறியது. உதடு ஒரு பக்கம் இழுத்தது. லென்டோர் மாஸ்டர் இருந்திருந்தால் இவளையும் பிள்ளைகள் முன்னால் நிறுத்திக் காட்டியிருப்பார். “நீங்களா? நீங்களே நம்ப மாட்டீங்க. எனக்காகச் சொல்லாதீங்க அண்ணி, போதும்.”

“வெறுங்காலோட வர்றான். ஜன்னல்ல இடது கைய ஊனிக்கிட்டு நிக்கிறான். களியும் தொவரையும் கேக்கறான். உப்பில்லாமத்தான் கேக்கறான்.”

உப்பில்லாமல் என்ற சொல் அடினாவுக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“எப்போலேர்ந்து?”

“மொத மழக்காலத்துலேர்ந்து.”

“அவன் கேட்டும் நீங்க போடலயா? இத்தன வருஷமா எங்க அண்ணனப் பட்டினியாவா நிக்க வெச்சீங்க?”

“ஆமா.”

“ஏன் அண்ணி?”

“சாப்பிட்டா போயிருவான்ல?” என்றாள் இஸ்மே.

அதற்கு மேல் அடினா கேட்கவில்லை. திண்டை விட்டு எழுந்து வந்து, மண்ணெண்ணெய் நாறுகிற அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்கு ரொட்டி வாங்க வந்த ஒருத்தி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

“வெள்ளிக்கெழம கல்ல உள்ள கொண்டாரச் சொல்லு” என்றாள் இஸ்மே.

வெள்ளிக்கிழமை விடிந்ததுமே ஊர் கூடிவிட்டது. ஆடு வந்தது, கோழி வந்தது, குடம் குடமாக ரம் வந்தது. கல்லைச் சாக்கை உரித்து, வெள்ளைத் துணி போர்த்தி, உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினார்கள். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. சுவரோரம், அவன் படுக்கிற பக்கம்தான். மெத்தை அந்தப் பக்கம் அமுங்கியது. இவ்வளவு காலம் ஒரே பக்கமாகப் பள்ளம் விழுந்திருந்த மெத்தை அது. இஸ்மே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் ஜெபத்துக்குக் கண்ணை மூடியபோதும் அவள் மூடவில்லை.

மறுநாள் அவனுடைய தட்டுக்குக் களியை அவளே கிண்டினாள். உதவிக்கு வந்தவர்களை ஒதுக்கிவிட்டு, சூட்டோடு சூடாகக் கையால் உருட்டினாள். துவரையை வேகவைத்து வடித்துப் போட்டாள். உப்பு ஜாடியை முன்னாலேயே எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டிருந்தாள், கை பழக்கத்தில் போட்டுவிடக் கூடாதே என்று. தட்டை உள் அறையில் வைத்து, பக்கத்தில் ஒரு கிளாஸ் ரம் வைத்து, கதவைச் சாத்தினாள். வெளியே கொட்டு அடித்தார்கள். கோஸ்மோ டம்ளரைத் தூக்கி, “இது ஒரு இன்கிரெடுலஸ் நாள்!” என்று முழங்கினார். “நாளுக்குச் சொல்லப்படாது கேப்டன், மாஸ்டர் கல்லறைலேர்ந்து எந்திரிச்சு வந்துருவாரு” என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். இஸ்மேயும் சிரித்தாள். கல்லறைத் தோட்டத்தில் கல் நிமிர்ந்து நின்றபோது, அதன் மேல் ரம் ஊற்றிய முதல் கை அவளுடையது.

அடினா கப்பலேறிப் போனாள். கனூட் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. இஸ்மே அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். டூலஸுக்கு இப்போதுதான் நிம்மதி என்று ஊர் சொன்னது. அந்த நிம்மதியை எந்தக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தூக்கத்தில் அவன் பசியோடு நிற்பதைப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு காலம் படுக்கப் போயிருக்கிறாள். இப்போது படுப்பதற்குக் காரணமே இல்லை. உடம்பு மட்டும் பழக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

முகமும் தளர்ந்துவிட்டது. சேதி கொண்டுவந்தவர்களிடம், “இருக்கும்” என்று சொல்ல ஆரம்பித்தாள். மீன் பிடிக்கப் போன இடத்தில் ஆடு ஒன்று பாய்மரத்தில் ஏறி நின்றது என்று கோஸ்மோ வேண்டுமென்றே ஒரு புளுகு விட்டுப் பார்த்தார்.

“இருக்கும்” என்றாள் இஸ்மே.

“என்ன கசின், ஒடம்பு சரியில்லையா?” கோஸ்மோ பயந்துபோனார். “ஆடு கசின், ஆடு! பாய்மரத்து மேல!”

“அதுக்கும் மேல ஏறணும்னு இருந்திருக்கும் கேப்டன், பாவம்.”

கேப்டன் அன்றைக்கு நாலு பேரிடம் சொல்லி வருத்தப்பட்டார். இனிமேல் நம்ம ஊரில் எது பொய், எது மெய் என்று யார் சொல்வது?

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலையில் அடினா போன் பண்ணினாள்.

“அண்ணி! வந்தான் அண்ணி! எனக்கு வந்துட்டான்!”

“வந்தானா?”

“வந்தான். சட்ட காஞ்சிருந்துச்சு. வயிறு நெறைஞ்சவன் மாதிரி சிரிச்சுக்கிட்டு நின்னான். ஒண்ணுமே கேக்கல அண்ணி. சும்மா பாத்துட்டுப் போனான்.” அந்தக் கிழட்டுக் குரலில் சின்னப் பெண்ணின் சந்தோஷம் கேட்டது.

தொப்பி இருந்ததா, கால் வெறுங்காலா, எந்தக் கையை எங்கே ஊன்றியிருந்தான் என்று கேள்விகள் வழக்கம்போல் இஸ்மேயின் நாக்கு வரைக்கும் வந்தன. ஒன்றையும் அவள் கேட்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“என்னப் பத்தி ஏதாவது கேட்டானா?”

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு அடினா பேசாமல் இருந்தாள்.

“கேட்டான் அண்ணி” என்றாள் பிறகு. “உங்களத்தான் மொதல்ல கேட்டான்.”

இஸ்மே நம்பினாள்.